காற்று இறக்கிய ஜீப்

கல்குவாரி ஜீப்பை ஓட்டுகிறவரை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டம் அவ்வளவு மெதுவு. "எறும்பு வண்டியில ஏறினா இறங்கறதுக்குள்ள தாடி வளந்துடும்" என்று தொழிலாளிகள் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தினமும் அந்த மலைப்பாதையைப் பார்த்ததும் அவர் கால் பிரேக்கைத் தேடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம்.

சேற்றில் சிக்காமல் போகட்டும் என்று முதலாளி புது டயர் மாட்டியிருந்தார். கட்டை கட்டையாகப் பல் வைத்த முரட்டு டயர். சேற்றுக்கு ராஜா. ஆனால் பக்கங்கள் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. கூழாங்கல் மேல் ஏறினாலும் அடி நேராக முதுகில் வந்து இறங்கும்.

டயர் மாட்டிய அதே வாரம் அவருடைய மச்சான், மனைவியின் ஒரே தம்பி, பாறையிலிருந்து வழுக்கி விழுந்தான்.

"முதுகெலும்புல அடி. இப்போதைக்குக் கால் அசையுது. ரொம்பக் குலுங்கினா அதுவும் போயிடலாம்" என்றார் குவாரி நர்ஸம்மா. ஆம்புலன்ஸ் மேலே ஏறி வராது, கீழே தார்ச்சாலை வரைக்கும்தான். பலகையில் கட்டி ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். தலையை அக்காக்காரி பிடித்துக்கொண்டாள், இடுப்பை நர்ஸம்மா.

முதல் கல்லிலேயே மச்சான் அலறினான். எறும்பு உடனே பிரேக்கை அழுத்தினார். வண்டியை நிறுத்தி இறங்கினார். காற்றை இறக்கினால் டயர் தொய்ந்து கல்லை உள்வாங்கிக்கொள்ளும், ஆட்டம் குறையும். ஆனால் காற்று குறைந்த டயர் வளைவில் இரும்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டால்? நாலு பேரையும் பள்ளத்தில்தான் தேட வேண்டும்.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

"காத்த கொஞ்சம் இறக்கறேன்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"இல்ல" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

குச்சியால் வால்வை அழுத்தினார். உஸ்ஸென்று காற்று போகப்போக டயர்கள் தொப்பை சரிந்து தரையில் அகலமாக உட்கார்ந்தன. மறுபடி கிளப்பியபோது வண்டி மெத்தைமேல் நகர்வது போல இருந்தது. பெரிய கற்களை ஒதுக்கி, சின்னவற்றின் மேல் ஊர்ந்து போனார். அலறல் நின்றது. அதுவே புதுப் பயமாகிவிட்டது.

"தம்பி, பேசுடா" என்றாள் அக்கா.

அவன் கண் மூடியிருந்தது.

"டேய்!"

"மாமா ஓட்டற வேகத்துக்குத் தூக்கம் வருதுக்கா" என்றான் அவன் ஈனஸ்வரத்தில். எறும்புக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசிக் கொண்டையூசி வளைவில் வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழுக்குவது போல ஆடியது. கரக்கென்று ஒரு சத்தம். மெல்ல நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். பள்ளத்துப் பக்க டயர் ரிம்மின் விளிம்பை விட்டு நழுவப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதை விளிம்பில் ஒட்டினாற்போல் இருந்த மண் அவர் செருப்பு பட்டு உதிர்ந்து கீழே போனது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

கால் பம்பை எடுத்து மிதித்தார். பம்ப் இரண்டு முறை சரிந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒரு கல்லுதான்."

அந்த ஒரு டயருக்கு மட்டும் காற்றேற்றிக்கொண்டு, ஸ்டீயரிங்கை உடும்புப்பிடியாகப் பிடித்தபடி தார்ச்சாலையில் வந்து இறங்கினார். ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மச்சானை மாற்றி ஏற்றும்போது அவன் கால் கட்டைவிரல் அசைகிறதா என்று மட்டும் பார்த்தார். அசைந்தது. அப்படியே சாலையோரம் குந்தி வாந்தி எடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மச்சான் இப்போது லேசாகக் காலை இழுத்து நடக்கிறான். லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை. முதலாளி ஒருநாள் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மறுநாளே டயரை மாற்றச் சொன்னார்.

வளைவில் என்ன நடந்தது என்று எறும்பு மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் தூக்கம் போய்விடும்.