தலைவாசல் வளைவு

எங்கள் ஊர்க் கடைவீதியில், சேலத்துக்குப் போகிற சாலையைப் பார்த்து நிற்கிற மாதா கோயிலின் தலைவாசல் வளைவைக் கட்டியவர் என் அப்பா. வெள்ளைக்காரச் சாமியார் காகிதத்தில் வரைந்து கொடுத்ததை வைத்துக்கொண்டு, நாலு கொத்தனார்களோடு ஒரு கோடை முழுக்கக் கட்டினார். அம்மாவும் நானும் கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு இடித்தோம். எனக்குப் பதினாறு வயது. கை வெந்துபோய்ச் சோறு பிசைய முடியாது.

வளைவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மரங்களைப் பிரித்த அன்று, அப்பா நேர் கீழே போய் நின்றார்.

"உழுந்தா என் தலைமேலயே உழுவட்டுமுங்க சாமி" என்றார்.

விழவில்லை. சாமியார் அவர் தோளில் தட்டினார்.

கோயில் சிலுவை வடிவம். நீண்ட நடுப்பகுதி பெரிய சாதிக்காரர்களுக்கு. வலப்பக்கச் சிறகு எங்களுக்கு. நடுவில் இடுப்பளவு மரக் கிராதி. எங்களுக்கு வாசலும் தனி. பருத்த தூண் ஒன்று மறைத்ததால் பீடம் தெரியாது; மணிச் சத்தத்தைக் கேட்டு மண்டியிடுவோம். திறப்பு நாளன்று அப்பா அந்தப் பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே போனார். சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

உலகச் சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காமல் தவித்த வருடம், அப்பா காமாலையில் படுத்தார். பார்க்க வந்த சாமியாரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சாமி, என்னையப் பெரிய வாசல் வழியாக் கொண்டு போங்க. ஒருக்காப் போதும்."

அவர் இறந்ததும் சாமியாரிடம் ஓடினேன். "எனக்குத் தடை இல்லை, மகளே. மூப்பர்களின் சம்மதம் வேண்டும்" என்றார், புத்தகத் தமிழில். கோயில் காரியம் பார்க்கிற அந்தப் பெரிய சாதி மூப்பர்களில் மூத்தவர் ஜவுளிக் கடைக்காரர். கோயில் படியிலேயே நின்றிருந்தார்.

"உங்கப்பன் கூலி வாங்கிக்கிட்டுத்தான கட்டுனான்? இன்னைக்கு உன்னைய உட்டா, நாளைக்கு எங்க பக்கத்துலயே வந்து உக்காருவீங்க."

செத்தவருக்குக்கூட ஒரு 'ர்' போட அவருக்கு வாய் வரவில்லை.

பெட்டியைத் தூக்கி வந்தபோது தலைவாசல் கதவு சாத்தியிருந்தது. என் புருஷன் முன்கொம்பைப் பிடித்திருந்தார்.

"பக்கவாசலுக்கே போயிரலாம். வம்பு எதுக்கு?" என்றார்.

"வேண்டாம். நேரா கல்லறைக்குப் போங்க."

"பூசை இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

கல்லறைத் தோட்டத்துக்குச் சாமியார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லி முடிக்கும்வரை எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் ஆமென் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் ஏதோ சாதித்ததாக நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. "உன் வீம்புக்கு அந்த மனுசனோட ஆத்துமத்தைப் பலி குடுத்துட்ட" என்றாள். ஒரு வருடம் என்னோடு பேசவே இல்லை. பிறகு பேசினாலும், அப்பாவின் நினைவு நாளில் மட்டும் என்னைக் கூப்பிடமாட்டாள். தனியாகவே கோயிலுக்குப் போய் அவருக்காகப் பூசை வைத்துவிட்டு வருவாள். நடக்க முடிகிறவரை போனாள். ஒரு தடவைகூட நான் துணைக்குப் போகவில்லை.