கிழிசல் பாட்டும் மாடிவீட்டு ஓனரும்

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் தொழிலில் ஒரு தண்டனை உண்டு: ஒரு மணி நேரப் பாட்டைப் பதிய, நாமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். எண்பதுகளின் கடைசியில் ஏற்காடு பஜாரில் அந்தத் தண்டனையை அனுபவித்தவன் நான். வாடகைக் கடையில் காலம் தள்ளும் மகாஜனங்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

தைத்த கிழிசல்

ஜீப் டிரைவர் பீட்டர் ஒரு கேசட்டோடு வந்தான். அடிவாரத்திலிருந்து அவன் ஏற்றி வந்த ஹாஸ்டல் மாணவர்கள் கொடுத்ததாம். ஹெவி மெட்டல் என்ற வெளிநாட்டுக் கத்தல் பாட்டாம். போட்டேன். கிடார் கரகரவென்று கிழிந்தது. சரிதான், மெஷினில் அழுக்கு என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அப்போதும் கிழிந்தது. கீச்சொலியைக் கூட்டும் டிரெபிளைக் குறைத்து, வழவழவென்று பதிந்து கொடுத்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாளே கேசட்டைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

“ஏனுங்கண்ணா, கிழிசலைத் தெச்சுப் போட்டீங்களே! எங்களுக்கு அந்தக் கிழிசல்தானுங்க வேணும்.”

மாடியிலிருந்து இறங்கியவர்

அப்புறம் பிடித்தது பாருங்கள் பைத்தியம்! ஹாஸ்டல்காரர்கள், டூரிஸ்டுகள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் தம்பி, எல்லோருக்கும் அதே கத்தல்தான் வேண்டும். சினிமாப் பாட்டுக் கேட்டு வருபவர்கள் குறைந்தே போனார்கள். என் குடும்பத்துக்கு அரிசி போட்டது அந்தக் கத்தல்தான், பொய் சொல்லக் கூடாது.

கடைக்கு மேலேயே குடியிருந்தார் ஓனர் சேசையா. சர்ச்சில் பாடுகிறவர். கேசட் அட்டைகளில் இருந்த மண்டையோட்டைப் பார்த்தாலே சிலுவை போட்டுக்கொள்வார். ஒரு சனிக்கிழமை இறங்கி வந்து வாசலில் நின்றார். அவர் காலி பண்ணச் சொன்னால் பஜாரில் வேறு ரூம் கிடைக்காது.

“தம்பி, நாளைக்கு எம்மக ஸ்டெல்லாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. இந்தப் பேய்ச் சத்தம் ஒருக்கா கேட்டாலும் கடையைப் பூட்டிச் சாவியை வாங்கிப்போடுவேனுங்க.”

ஹெட்போன் தைரியம்

மறுநாள் பீட்டர் வந்து, ஒரு கத்தல் கேசட்டை உடனே பதிந்து தரச் சொல்லி நச்சரித்தான். ஹெட்போன் இருக்கப் பயம் என்ன? ஸ்பீக்கரை அடக்க ஒயரைச் செருகி, காதில் மாட்டிக்கொண்டு பதிய ஆரம்பித்தேன். மாடிப்படியில் மாப்பிள்ளை வீட்டார் ஏறுவதையும் பார்த்தேன். சத்தம் எனக்கு மட்டும்தானே என்று தாளம்கூடப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் தடதடவென்று இறங்கிப் போனார்கள். எதிர்க் கடைக்காரர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். சேசையா வாய் அசைய ஓடி வந்தார். ஹெட்போனைக் கழற்றினேன். கடவுளே! ஒயர் பாதிதான் செருகியிருந்தது. என் காதில் பாடியது அத்தனையும் ஸ்பீக்கரிலும் பஜாருக்கே பாடிக்கொண்டிருந்தது.

“சாவியைக் குடுங்க.”

பூட்டுக்கு எதிரே

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து என் கடைப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடை போனது ஒரு பக்கம், ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வேன். நாட்கள் இப்படியே போயின. ஒரு காலையில் சேசையாவே தேடி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உங்க சத்தத்துக்குப் போகலீங்க தம்பி. டீச்சர் வேலையை விடச் சொன்னாங்களாமா, எம்பொண்ணு மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டா. நேத்துத்தான் எங்கிட்ட ஒத்துக்கிட்டா. நீங்க எவ்வளவு வேணும்னாலும் கத்த வுடுங்க.”

மெல்லிசாக ஒன்று

விடுவேனா? மண்டையோட்டு அட்டைகளை முன்வரிசையில் அடுக்கினேன். ஸ்பீக்கரை வாசலுக்கே இழுத்தேன். ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல்காரர்கள் வந்தார்கள், மெதுவான காதல் பாட்டாகப் பொறுக்கிக் கேட்டார்கள். முடி வளர்த்த அதே ஹெவி மெட்டல் ஆட்கள்தான் பாடியது, ஆனால் கிழிசலைக் காணோம். கடைசியில் பீட்டரை நம்பிக் காத்திருந்தேன். அவனும் வந்தான்.

“அப்படிக் கத்துன அவனுங்களே கண்ணைக் கசக்கிட்டுப் பாடறானுங்கண்ணா, நாம மட்டும் எதுக்குங்க கத்தோணும்? மெல்லிசா ஒண்ணு பதிஞ்சு குடுங்க.”

கத்தலுக்கு ஆள் இருந்தபோது அனுமதி இல்லை, அனுமதி கிடைத்தபோது கத்தலுக்கு ஆள் இல்லை, நடுவில் பயந்து செத்தது மட்டும்தான் சொந்தமாக நான் கண்ட லாபம்.