அடுப்புக்காரர் கொடுத்த ரொட்டி

சாக்குச் சாமியைப் பற்றி இந்தத் தெருக்களில் குறை சொல்பவர்கள் குறைவு. காலில் புண்ணோடு வருகிறவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கழுவிக் கட்டுப் போடுவார். பேன் பிடித்த தலைகளுக்கு மொட்டை அடிப்பார். குடித்துவிட்டு வந்து வாந்தி எடுக்கிறவனைத் திட்டிக்கொண்டே துடைத்துவிடுவார். பழுப்பு அங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு, தோளில் சாக்கு. கிறிஸ்தவத் துறவிகள் மடத்தில் தினமும் மதியம் ஏழைகளுக்குப் போடும் சாப்பாட்டுக்காக வீடு வீடாகக் கேட்டு வாங்கி வருவது முப்பது வருஷமாக அவர் வேலை. அவரைப் புனிதர் என்று சொல்கிறவர்கள்கூட உண்டு. அந்த அங்கிக்குள் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவர் பக்கம் நிற்கக்கூடியவர்களுக்காகத்தான் இதைச் சொல்வது.

அவருடைய அப்பா மேட்டுத் தெரு ரொட்டிக்கடையில் பதினேழு வருஷம் அடுப்புக்காரராக இருந்தவர். அடுப்புக் கதவைத் திறக்காமலே, வாசனையை வைத்து ரொட்டி வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஒரு திங்கட்கிழமை மாவு மூட்டை இரண்டு குறைந்தது. ரொட்டி வாங்க வந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி அவரைக் கடை வாசலில் நிறுத்தி, உடுப்புக்கு மேலே கட்டியிருந்த மாவு படிந்த வேலைத் துணியை அவிழ்க்க வைத்து, "திருட்டுப் பயலே, இனிமே இந்தப் படியை மிதிச்சே, காலை ஒடிச்சுடுவேன்" என்று கத்தினார். பதினோரு வயசுப் பையனாக இருந்த சாக்குச் சாமி, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தூக்கோடு கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார்.

அதன் பிறகு ஊரில் எந்த அடுப்பும் அப்பாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. செங்கல் சுமந்தார். மூன்றே வருஷத்தில் நெஞ்சு போய்விட்டது. அடக்கத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். அம்மா அந்தத் திங்கட்கிழமையிலிருந்து மேட்டுத் தெருப் பக்கம் போனதில்லை. திருடன் பெண்டாட்டி என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லைதான். ஆனால் அவளுக்கு அபாரமான காது. பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எந்த ஸ்பூன் என்று சொல்லிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

இருபது வயசில் பையன் மடத்தில் சேர்ந்தான். எதற்கு வந்தாய் என்று தலைமைச் சாமியார் கேட்டதற்கு, ஏழைகளுக்கு உழைக்க என்றான். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மறு பாதியை அவன் சொல்லவில்லை. சாக்கோடு போகும் சகோதரர் எந்த வாசலையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது மடத்து ஒழுங்கு. அந்த அங்கியைப் பார்த்து எந்த முதலாளியும் படியை மிதிக்காதே என்று சொல்லமாட்டான்.

முதல் நாளே ரொட்டிக்கடைப் படியில் ஏறி நின்றார். மிதித்தார் என்றே சொல்லலாம், இரண்டு காலையும் அழுத்தி. முதலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இருபது ரொட்டி எடுத்துச் சாக்கில் போட்டு, "எனக்காக வேண்டிக்கங்க, பிரதர்" என்றார்.

"கண்டிப்பா, முதலாளி."

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டைத் தட்டில் போட்டபின், யாரும் வாயில் வைக்குமுன், சாக்கோடு போய்வந்த சகோதரர் எழுந்து நின்று அன்றைக்குக் கொடுத்தவர்களைச் சொல்லவேண்டும். பெயர் சொன்னால் கொடுத்தவருக்குத் தலைக்கனம் வரும் என்று, தெருவையும் தொழிலையும் மட்டும் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் கூடம் முழுக்க "கடவுள் அவரை நினைக்கட்டும்" என்று சேர்ந்து சொல்லும். ஏழைகள் வாயால் வருகிற வேண்டுதல் என்பதால் ஊரில் அதற்கு அத்தனை மதிப்பு.

அன்று மதியம் அவர் எழுந்தார். மேட்டுத் தெரு ரொட்டிக்கடை முதலாளி என்று சொல்லவேண்டும். எதிரே முதல் பெஞ்சில், சாப்பிட வந்த ஏழைகளோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். "மேட்டுத் தெரு ரொட்டிக்கடை பழைய அடுப்புக்காரர்" என்றார்.

கடவுள் அவரை நினைக்கட்டும் என்றது கூடம். அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எல்லோரும் சொல்லி முடித்தபின் அவள் மட்டும் தனியாக இன்னொரு தடவை சொன்னாள்.

முப்பது வருஷம் இது நடந்தது. தந்தது முதலாளி, வேண்டுதல் போனது செத்துப்போன அப்பாவுக்கு. மற்றச் சாமியார்கள், கடையில் யாரோ வயசான அடுப்புக்காரர் எடுத்துக் கொடுக்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் முழங்காலிட்டுத் தங்கள் குற்றத்தைச் சொல்லும்போது, சாக்குச் சாமி சூப்பில் உப்புக் கூடியதைச் சொல்வார், பாத்திரத்தை உடைத்ததைச் சொல்வார், இதை மட்டும் சொல்லமாட்டார். வெட்கப்பட்டு அல்ல. சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார்களே என்றுதான். இரண்டாம் வருஷம் இருபது ரொட்டி நாற்பதானபோது, "பெருமைக்கு அள்ளிக் கொடுக்கிறான் பார்" என்று அவருக்கு மனசு இன்னும் குளிர்ந்தது. அம்மா தினமும் வந்தாள். சூப்பை மட்டும் குடிப்பாள். "அந்த அடுப்புல வெந்தது என் தொண்டையில இறங்காது" என்பாள்.

போன வருஷம் முதலாளி படுக்கையில் விழுந்தார். சாக்குச் சாமியை வரச் சொல்லி ஆள் வந்தது. ஏழைகள் வேண்டுதல் இருக்கிறது என்ற தைரியத்தில் சாகப்போகிறவனிடம், ஒரு நாள்கூட உன்னைச் சொன்னதில்லை என்று காதில் சொல்லிவிட்டு வரவேண்டும். வழி நெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

கடைக்கு மேலே இருந்த அறையில் மருந்து நெடி அடித்தது. முதலாளி தலையணையில் சாய்ந்து கிடந்தார்.

"வாயைத் திறக்காதீங்க, பிரதர். எனக்குத் தெரியும்" என்றார். "முதல் வருஷமே உங்க மடத்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்னேன். என்னைச் சொல்றதைக் கேக்கணும்னு ஆசை. யாரைச் சொன்னீங்கன்னு என் காதாலயே கேட்டேன். மறுநாள் உங்க மூக்கைப் பாத்தேன். அப்படியே அவன் மூக்கு."

சாக்குச் சாமி முப்பது வருஷம் சேர்த்து வைத்ததை ஒரு நொடியில் பிடுங்கிக்கொண்டான் கிழவன்.

"அப்புறம்தான் நாப்பதாக்கினேன். மூட்டையை எடுத்தது என் பொண்டாட்டியோட தம்பி. உங்கப்பாவைத் துரத்தின அந்த வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அந்த வாரமேவா?"

"ஆமா."

அது சாக்குச் சாமிக்குப் புதுச் செய்தி. தெரியாமல் செய்தான் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தார் போலிருக்கிறது. கைகள் தாமாகவே அங்கிக் கயிற்றை முறுக்கின.

"ஒரே ஒரு நாள் என்னைச் சொல்லுங்க, பிரதர். நான் போறதுக்குள்ள."

"வாசல்ல வச்சுத் திருடன்னீங்க. வாசல்ல வச்சே இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

"என் மகன் கடையை நடத்துறான். அவன் எதிர்ல அவன் தாய்மாமனைத் திருடன்னு எப்படிச் சொல்றது?"

"எங்கப்பாவைச் சொன்னப்ப நானும் எதிர்லதான் நின்னேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

மூன்று நாள் பதில் இல்லை. ரொட்டி மட்டும் வந்தது. எத்தனையோ பேர் சாகக் கிடக்கையில் நல்ல சாவு கொடு என்று பக்கத்தில் இருந்து வேண்டியவர், அந்த மூன்று நாளும் கோயிலில் முழங்காலிட்டு, "கடவுளே, இன்னும் ரெண்டு நாள் அந்த ஆளைச் சாக விட்டுடாதே" என்று வேண்டினார்.

நாலாம் நாள் காலை முதலாளியின் மகனே மடத்துக்கு வந்தான். "அப்பா வாசலுக்கு வர்றாராம். உங்க அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்றான். அவன் முகம் நன்றாக இல்லை.

அம்மா துவைத்து மடித்து வைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, நாற்பது வருஷம் கழித்து மேட்டுத் தெருவில் நடந்தாள். பத்து மணி, ரொட்டி இறங்குகிற நேரம், வாசலில் நல்ல கூட்டம். முதலாளியை நாற்காலியோடு தூக்கிவந்து படியில் வைத்தார்கள். போர்வைக்குள்ளிருந்து மெல்லிய குரலில் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் திருடலம்மா. திருடினது என் மச்சினன். தெரிஞ்சும் நான் மறைச்சுட்டேன்."

அம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

"முதலாளி, காது கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

முதலாளி மறுபடி சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊஹூம். வயசாயிடுச்சு பாருங்க. இன்னும் சத்தமா."

மூன்றாம் தடவை இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினார். எதிர்வீட்டுக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தவன் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முதலாளிக்கு இருமி இருமிக் கண்ணில் நீர் முட்டியது.

"இப்பக் கேட்டுது" என்றாள் அம்மா. சாக்குச் சாமி பக்கத்திலேயே நின்றார், வாயைத் திறக்கவில்லை. அவள் காதைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

அன்று மதியம் கூடத்து ஜன்னலுக்கு வெளியே முதலாளியின் மகன் வந்து நின்றான். கேட்டுவிட்டு வந்து சொல் என்று அப்பா அனுப்பியிருந்தார். சாக்குச் சாமி எழுந்தார். வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, சொல்லித்தான் தீரவேண்டும். "மேட்டுத் தெரு ரொட்டிக்கடை முத…" என்று பாதியை மென்று முழுங்கினார். யாருக்கும் புரியவில்லை. வேண்டுதல் வரவில்லை.

முதல் பெஞ்சில் அம்மா தட்டிலிருந்த ரொட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்கலடா. சத்தமா சொல்லு."

சாக்குச் சாமி அம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் சொன்னார், ஜன்னலுக்கு வெளியே நின்றவனுக்கும் கேட்கும்படி. மனசாரச் சொன்னாரா என்றால் இல்லை. சத்தமாகச் சொன்னார்.