கிணற்றுத் தண்ணீரில் கழுவிய போத்தல்

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் வேதிவினையை விரைவாக்கும் ஊக்கி தயாரித்துக்கொண்டிருந்தேன். சில அணுக்களே ஒன்றுசேர்ந்த நிக்கல் கொத்துகள் அவை. நெசவுச் சாயம் கலந்த கழிவுநீரின் நிறத்தைப் போக்க வேண்டும். ஒரேயொரு போத்தலில் செய்த ஊக்கி மட்டும் சில நிமிடங்களில் சாயத்தை வெளுக்கச் செய்தது. அதன்பின் செய்த எதுவும் வேலை செய்யவில்லை. மாதக்கணக்கில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் ஆய்வுகூட உதவியாளர் ஹசீனாக்கா தானாகவே வந்து சொன்னார்.

"மிஸ், நீங்க அந்த ஊக்கி செஞ்ச அண்டைக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி முடிஞ்சிட்டு. அந்தப் போத்தலக் கிணத்துத் தண்ணியிலதான் கழுவினநான்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மாணவர்கள் பார்த்து நிற்க, "படிக்காத ஆக்கள உள்ள விட்டா இப்பிடித்தான்" என்று கத்தினேன்.

அவர் முகம் இறுகியது. "பிழைதான் மிஸ். ஆனா அந்தப் போத்தல்தானே வேல செஞ்ச?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

அந்தக் கேள்வி என் கோபத்தை இன்னும் கிளறியது. பதில் எனக்குத் தெரிந்துவிட்டதே. எங்கள் கிணற்று நீரில் இரும்பு அதிகம்; அது போத்தலில் ஒட்டி ஊக்கியில் கலந்திருக்க வேண்டும். மறுநாள் நிக்கலோடு சிறிது இரும்பைச் சேர்த்தேன். இரண்டும் கலந்த கொத்துகள் சாயத்தைச் சட்டென்று வெளுக்கச் செய்தன.

ஹசீனாக்காவிடம் தனியே போய் மன்னிப்புக் கேட்டேன். "எல்லாருக்கும் முன்னாலதானே ஏசினீங்க" என்றார், என்னைப் பார்க்காமலே.

அதே மாணவர்கள் முன் நின்று, என் பிழையையும் சரியான கேள்வியைக் கேட்டது யாரென்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார், சிரிக்கவில்லை.

இன்றும் அவர் கோபம் ஆறவில்லை. ஆறச்சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.