அறிவிப்பாளரின் மகன் விழிக்கும் அறை

பிறப்பு: 1987, ஆகஸ்ட் 11. பணி: பேருந்து நிலைய அறிவிப்பாளர், 2009 முதல். கணவர்: சரக்கு லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவர். மகன்: ஒருவன், 2017 நவம்பரில் பிறந்தவன். 2019 டிசம்பரில் அவனுடைய இரு கண்களிலும் புற்றுக்கட்டி கண்டறியப்பட்டது. அந்த மாதமே வலக்கண் அகற்றப்பட்டது. இடக்கண்ணைக் காப்பாற்றும் பொருட்டு, மாதந்தோறும் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதனையும் லேசர் சிகிச்சையும் தொடர்ந்தன.

நிலையத்தில் அவரை ‘மைக்கம்மா’ என்று கூப்பிடுவார்கள். மகனுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். அறிவிப்பு அறையின் மேசைக்கடியில் விரித்த போர்வையில் வளர்ந்தவன். சாப்பாட்டுத் தட்டு கையில் கிடைத்தால் அதில் சோறு இருக்கிறதா என்று பார்க்க மாட்டான், உடனே அதை ஸ்டீயரிங்காக்கி வண்டியைத் திருப்புவான்.

முதல் பரிசோதனையன்று அவனைத் தாயின் இடுப்பிலிருந்து பிரித்து எடுத்துச் சென்றார்கள். வாயு முகமூடி நெருங்கியபோது அவன் கதறியது கதவுக்கு இப்பால் கேட்டது. பிறகு, மயக்கம் தெளியவைக்கும் விழிப்பு அறைக்குள் தாயை அழைத்தபோது, கட்டிலில் ஒரு குழந்தை வில்லாக வளைந்து, கண்ணைத் திறந்துகொண்டே அலறியது. கையிலிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கப் பார்த்தது. தூக்கிய தாயின் மார்பில் உதைத்தது.

“என்ன சிஸ்டர், என்னையே தெரியலையே இவனுக்கு! பேய் பாத்த மாதிரி பாக்குறான்.”

“இப்ப அவனுக்கு அவனையே தெரியாதும்மா. உடம்பு முழிச்சிடுச்சு, மனசு இன்னும் வந்து சேரல. பயப்படாதீங்க.”

“லேட்டா வர்ற வண்டி மாதிரியா?”

“அதே. வந்துடும்.”

கால் மணி நேரம் கழித்து வந்தது. அவன் பிஸ்கட் கேட்டான். உதைத்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. தாய்க்கு இருந்தது.

விழிக்கும்போது வரும் இத்தகைய கிளர்ச்சியை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. செவிலியர் ஐந்து கேள்விகளுக்கு விடை குறிப்பார். பராமரிப்பவரின் கண்களைக் குழந்தை பார்க்கிறதா? அதன் செயல்களில் நோக்கம் தெரிகிறதா? சுற்றியிருப்பதை உணர்கிறதா? அமைதியின்றித் துடிக்கிறதா? தேற்ற முடியாமல் அழுகிறதா? ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண். நிலை மோசமாக மோசமாக எண் கூடும். பார்க்கவேயில்லை என்றால் முதல் கேள்விக்கு நான்கு. அன்று டிரைவர் பெற்றது பதினாறு.

மயக்க மருத்துவர் அடுத்த முறைக்கான திட்டத்தை மாற்றினார். பையன் தூங்கும்வரை தாய் அறுவை அரங்கினுள் உடனிருக்கலாம். மயக்கம் மெல்லத் தெளியும்படி முடிவில் வேறொரு மருந்து சிறிய அளவில் சேர்க்கப்படும். விழிப்பு அறையில் விளக்கு தணிந்திருக்கும். யாரும் உலுக்கி எழுப்பக் கூடாது. ஒரே ஒரு குரல்தான் பேச வேண்டும்.

அடுத்த முறை எண் குறைந்தது. எனினும் சிணுங்கலும் கைகாலை உதறுவதும் நிற்கவில்லை. தாய் குனிந்து, அழுகையை விழுங்கிய மெல்லிய குரலில், “கண்ணு, அம்மாடா, அம்மா இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அவனோ “அம்மா எங்க? அம்மா எங்க?” என்று தேடினான்.

“வீட்ல இப்படியா பேசுவீங்க?” என்று செவிலியர் கேட்டார்.

“வீட்ல எங்க இருக்கேன் சிஸ்டர், பாதி நாள் மைக்கு முன்னாடிதான்.”

அடுத்த மாதம் அவன் இமை அசைந்தபோது, தாய் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். “பயணிகளின் கவனத்திற்கு. பதினேழாம் எண் பேருந்து, மூன்றாம் நடைமேடையிலிருந்து, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்.”

டிரைவரின் கால்கள் அடங்கின. “அம்மா,” என்றான், கண் திறக்காமலே.

“எங்க ஆஸ்பத்திரிக்கே பஸ் விட்டுட்டீங்க, போங்க!” என்று செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் பதினேழாம் எண் புறப்பட்டது. எண்கள் ஐந்து, மூன்று எனக் குறைந்துவந்தன. ஆனால் கட்டி குறையவில்லை. 2021 பிப்ரவரியில் இடக்கண்ணையும் எடுத்தாக வேண்டும் என்று முடிவாயிற்று.

ஒப்புதலில் கையெழுத்திட்ட பின் அவர் மயக்க மருத்துவரைத் தேடி வந்தார். “வேற நான் ஒண்ணும் கேக்கல டாக்டர். முழிக்கிறப்ப இருட்டா இருக்கும் அவனுக்கு. அந்த நேரத்துல அவன் பயந்து கத்தக் கூடாது. அத மட்டும் எனக்குச் செஞ்சு குடுங்க.”

“வலி தெரியாம மரக்க வச்சிடுவோம். மெதுவா எழுப்புவோம். மத்தது நீங்கதாம்மா.”

அன்றிலிருந்து மகனைக் ‘கண்ணு’ என்று அழைப்பதை அவர் விட்டுவிட்டார். ‘தங்கம்’ என்றார். பையன் ஒருமுறை, “தங்கம் யாரு?” என்று கேட்டான்.

அறுவை நாளில் தந்தை லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். விழிப்பு அறைக்குள் ஒருவருக்குத்தான் இடம் என்றதும், “நீயே போ, என் குரல் அவனுக்கு ஹாரன் மாதிரி” என்று சொல்லித் தாழ்வாரத்தில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

முகத்தின் மேற்பாதி முழுவதும் கட்டு. மூச்சு சீராக வந்தது. விரல் ஒன்று அசைந்தது. தாய் நிமிர்ந்தார். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை; பன்னிரண்டு ஆண்டு வேலை அதில் இருந்தது. பதினேழாம் எண், மூன்றாம் நடைமேடை.

“அம்மா.”

“சொல்லு தங்கம்.”

“இருட்டா இருக்கு. நைட் பஸ்ஸா?”

“ஆமாண்டா. நைட் பஸ்.”

“லைட்டு போடச் சொல்லு.”

தாய் அவனுடைய இரு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். “எல்லாரும் தூங்குறாங்கப்பா.”

அவன் யோசித்தான். கைகளை மெல்ல விடுவித்து, நெஞ்சுக்கு மேலே வட்டமாகப் பிடித்தான். “சரி, நான் ஓட்டுறேன். நீ சீட்டுல ஒக்காரு.”

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். “ஒக்காந்துட்டேன்,” என்றார்.

வண்டி இடப்புறம் திரும்பியது. பிறகு நேராகச் சென்றது. மீண்டும் உறங்கும்வரை அவன் ஒருமுறைகூட அழவில்லை.

செவிலியர் படிவத்தை எடுத்தார். செயல்களில் நோக்கம், சுற்றியிருப்பதை உணர்தல், துடிப்பு, அழுகை: நான்குக்கும் சுழியம் இட்டார். கண்களைப் பார்க்கிறதா என்ற முதல் கேள்வியில் பேனா நின்றது.

“இத எப்படி டாக்டர் போடுறது?” என்று அருகில் நின்ற மயக்க மருத்துவரைக் கேட்டார்.

“படிவத்துல இருக்கிற மாதிரியே போடுங்க சிஸ்டர்.”

மொத்தம்: நான்கு.