விளக்கெண்ணெய் குடித்த யமஹா

ஆனைக்கரைச் சுருளியம்மாளுக்கு பஸ் ஆகாது. மலை உச்சியிலிருக்கும் கம்பம்மெட்டு வழியாக ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டருக்கே அது தெரியும். அவள் ஏறியதும் ஜன்னலோரத்தில் இருப்பவரை எழுப்பிவிட்டு அவளை அங்கே உட்கார வைப்பார். அன்பினால் ஒன்றுமில்லை, பஸ்ஸைக் கழுவவேண்டியவர் அவர். மெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவதிலேயே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். அடிவாரம் சேரும்போது பிழிந்து போட்ட துணியாகக் கிடப்பாள். தாய்வீடு கம்பத்தில்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாலே நாலு தரம்தான் போயிருந்தாள். அந்த நாலு தரமும் போய்ச் சேர்ந்த அன்று முழுக்கப் படுக்கை, மறுநாள் திரும்பி வருவதை நினைத்து அழுகை.

மற்றபடி அவளை அசைக்க ஆள் கிடையாது. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க இறங்கினால் பக்கத்து வரிசைக்காரிகள் பாதி தூரம் வருவதற்குள் இவள் தன் வரிசையை முடித்துவிட்டு, 'தூங்குனது போதும்டி' என்று குரல் கொடுப்பாள். ஈரத்திலேயே நின்று நின்று குதிகால் இரண்டும் வெடித்துக் கிடக்கும். அதையும் ஒரு பொருட்டாக நினைக்கமாட்டாள். அவள் உருகிப்போவது ஒரே ஒரு ஜீவனிடம்தான். செவலை என்கிற பசு. கன்றாக இருந்தபோதிலிருந்து கையில் ஊட்டி வளர்த்தது. வேறு யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். அதில் சுருளிக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தச் செவலையைத்தான் அவள் புருஷன் அழகுமலை எழுபத்தாறாம் வருடம் தை மாதத்தில், ஒரு வார்த்தை கேட்காமல், ஓடாத ஒரு மோட்டார் சைக்கிளுக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அழகுமலைக்கு ஏலக்காய் ஸ்டோரில் உலை பார்க்கிற வேலை. காய் காயும்வரை சூடு கூடாமல் குறையாமல் விறகு தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, சாக்குகளை மூடிக்கொண்டு அந்த வண்டி இரண்டு வருடமாக நின்றிருந்தது. யமஹா நூறு. முதலாளியின் மருமகப்பிள்ளை பினாங்கிலிருந்து கப்பலில் ஏற்றி வந்தது. பெட்ரோல் டாங்கியில் சிவப்புச் சாயம், ஓரமெல்லாம் வெள்ளிப் பூச்சு, உடம்பு முழுக்க ஏலக்காய் வாசனை. உலை வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு சீசனைக் கழித்த மனிதருக்கு வேறென்ன ஆகும்? பைத்தியம்தான் பிடிக்கும்.

வண்டி நின்றுபோனதற்கும் ஒரு கதை உண்டு. நம் ஊரில் அப்போது ஓடிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கெல்லாம் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். பங்கில் நின்றபடியே குலுக்கி ஊற்றுவார்கள். ஜப்பான்காரன் அந்தக் கலக்குகிற வேலையை ஒழித்துவிட்டான். பக்கவாட்டு மூடிக்குள் எண்ணெய்க்கென்று தனி டப்பா, அளவு பார்க்கச் சின்னக் கண்ணாடி, வேண்டிய அளவு மட்டும் எஞ்சினுக்கு அனுப்ப ஒரு குட்டிப் பம்பு. முதலாளி வீட்டு ஜீப் டிரைவருக்கு இது தெரியாது. ஒருநாள் பெட்ரோல் போடப் போனார். இரண்டு மூடி இருப்பதைப் பார்த்தார். ஒன்று ரிசர்வாக இருக்கும் என்று தானே முடிவு செய்து இரண்டிலும் பெட்ரோலை நிரப்பினார். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. மருமகப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அதை ஸ்டோரில் தள்ளிவிட்டு, மெட்ராஸில் வேலைக்குப் போய்விட்டார்.

போவதற்கு முன் அழகுமலையிடம் வண்டியின் பூர்வீகத்தையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதைச் செய்கிற கம்பெனி ஆதியில் ஆர்மோனியமும் பியானோவும் செய்துகொண்டிருந்ததாம். டாங்கியில் சின்னமாகப் போட்டிருக்கிற மூன்று கவை, சுருதி பார்க்கிற கருவியாம். அதே ஜப்பானில் தறி செய்துகொண்டிருந்த இன்னொரு கம்பெனியும் இப்போது மோட்டார் சைக்கிள்தான் செய்கிறதாம். யுத்தத்தில் எல்லாம் போய், கையில் காசும் பெட்ரோலும் இல்லாத ஜனங்களுக்காகச் சின்ன எஞ்சினில் பெரிய வேலை வாங்கக் கற்றுக்கொண்டார்களாம். அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்களாம். அழகுமலை இதையெல்லாம் வீட்டில் வந்து சொல்லுவார். சுருளி அரிசி களைந்துகொண்டே கேட்பாள். "ஆர்மோனியம் செஞ்சவன் ஆர்மோனியமே செய்ய வேண்டியதுதான?" என்பாள்.

முதலாளி வீட்டில் பாலுக்கு மாடு தேடினார்கள். அழகுமலை வண்டியைக் கேட்டார். காரியம் முடிந்துவிட்டது. களை எடுக்கப் போன சுருளி சாயங்காலம் வந்து பார்த்தால் தொழுவத்தில் செவலையைக் காணோம், செவலை நின்ற இடத்தில் இரண்டு சக்கரம் நின்றது. நாலு நாள் புருஷனிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்தது.

அவர் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் கட்டி மதுரைக்குத் தூக்கிப் போனார். லேத் பட்டறைக்காரர் ஒருவர் சிலிண்டரைக் கடைந்து, வேறு ஏதோ வண்டியின் பிஸ்டனை இதற்குப் பொருத்திக் கொடுத்தார். லாரி எஞ்சினில் இருக்கிற சாமானில் பாதிகூட இதில் கிடையாது. அதனால் அழகுமலையே அதைத் திரும்பப் பூட்டிவிட்டார். பங்குனியில் ஒருநாள் ஒரே உதையில் வண்டி 'ரிங்ங்' என்று பிடித்துக்கொண்டது. தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் ஓடின. அழகுமலை சின்னப் பிள்ளை போலக் குதித்தார்.

சுருளி வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க, ஒரு பேச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி போவோம். வாரப்ப கம்பத்துல மொக்கையண்ணன் பஸ் கெளம்புறப்ப நாமளும் கெளம்புவோம். பஸ்ஸுக்கு முந்தி மெட்டுச் செக்போஸ்ட்டத் தொட்டுட்டா ஒங்க வண்டி இங்ஙன நிக்கட்டும். இல்லையா, வண்டியக் குடுத்துட்டு எஞ் செவலைய ஓட்டிட்டு வந்துரணும்."

"சரி சுருளி."

"ஆத்தா மேல சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியம்."

மொக்கையன் அந்த பஸ்ஸின் டிரைவர், சுருளிக்கு அண்ணன் முறை. சேதி அவர் காதுக்குப் போனது. பஸ்ஸில் ஏறினவர்கள் இறங்கினவர்கள் எல்லோர் காதுக்கும் போனது.

திருவிழாவன்று சுருளி பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வழக்கமாகக் குமட்டும் இரண்டாவது வளைவு வந்தது, போனது. மூன்றாவதும் போனது. காற்று முகத்தில் அடித்தது. டீசல் புகை இல்லை, வியர்வை நாற்றம் இல்லை, யாரோ மடியில் வைத்திருக்கும் கருவாட்டுக் கூடை இல்லை. வளைவுக்கு வளைவு வண்டி சாய, அவளும் கூடவே சாய்ந்தாள். கண்ணைத் திறந்தாள். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாக விரிந்து கிடந்தது. இந்த மலையில் இத்தனை தரம் இறங்கியும் அதை அவள் பார்த்ததே கிடையாது. ஒவ்வொரு தரமும் தலை ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டல்லவா இருந்தது!

அவளுடைய அம்மா பெரியம்மாள், மகளுக்காக வழக்கம்போல் பாயை விரித்துவைத்துக் காத்திருந்தாள். வண்டியிலிருந்து இறங்கி நேராக அடுப்படிக்குள் போய், "என்னம்மா கொழம்பு?" என்று கேட்ட மகளைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஏண்டி, வாந்தி எடுக்கல?"

அப்போதுதான் சுருளிக்கே உறைத்தது. இல்லையே என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. போட்டி இன்னும் முடியவில்லையே.

வீரபாண்டியில் ஆத்தாளைக் கும்பிட்டார்கள், ராட்டினம் சுற்றினார்கள். ராட்டினத்திலும் அவளுக்குக் குமட்டவில்லை. திரும்பிக் கம்பம் வந்து, மாமியார் ஆக்கிப்போட்ட ஆட்டுக்கறியில் அழகுமலை உலகத்தை மறந்தார். புறப்படும்போது பெரியம்மாள் மகளின் குதிகாலைப் பார்த்துவிட்டு, "வெடிப்புக்குத் தேச்சுக்க" என்று சொந்தமாக ஆமணக்கு விதையில் காய்ச்சிய விளக்கெண்ணெயை ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தாள். சுருளி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மொக்கையன் ஹாரனை இரண்டு தரம் அழுத்தினார். பஸ்ஸும் வண்டியும் ஒன்றாகக் கிளம்பின. அடிவாரம் வருவதற்குள் பஸ் பின்னால் எங்கோ கண்ணிலிருந்து மறைந்தே போய்விட்டது. அழகுமலை பாட்டுப் பாடிக்கொண்டே ஏற்றம் ஏறினார். பாதி மலையில் பாட்டு சட்டென்று நின்றது. எதுவோ ஞாபகம் வந்து வண்டியையும் நிறுத்தினார்.

இறங்கி எண்ணெய் டப்பாவின் அளவுக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். அடியில் நூல் அளவு எண்ணெய்தான் தெரிந்தது.

"காலையில பாதி இருந்துச்சு. கம்பத்துல பாக்க மறந்துட்டேன்." ரோட்டோரப் பாலக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மேல ஓட்டுனா பழையபடி புடிச்சுக்கிரும். ஓட்ட மாட்டேன். நீ செயிச்சுட்ட சுருளி. நாளைக்கே செவலைய ஓட்டியாந்துர்றேன்."

சுருளி நின்றுகொண்டிருந்தாள். பாட்டில் பையில் கனத்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாளைக்குக் காலையில் செவலை தொழுவத்தில் நிற்கும். அதை நினைத்ததும் நெஞ்சு நிறைந்தது. அடுத்து அம்மாவின் முகம் வந்தது. 'வாந்தி எடுக்கல?' என்று கேட்ட முகம். வண்டி போனால் திரும்பவும் பஸ்தான். திரும்பவும் எப்போதோ ஒரு தரம்.

கீழே வளைவில் பஸ் முனகிக்கொண்டு வந்தது. அவர்களைத் தாண்டும்போது மொக்கையன் தலையை வெளியே நீட்டினார். "என்ன மாப்ள, வைக்கோல் கிய்க்கோல் போடணுமா?" பஸ்ஸே சிரித்தது.

சுருளிக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை கோபம்!

"ஏங்க, பந்தய வண்டிக்கு விளக்கெண்ண ஊத்துனாகன்னு சொன்னீகளே, அது மெய்யா, சும்மா அளந்ததா?"

அழகுமலை அண்ணாந்து பார்த்தார். அவள் கையில் பாட்டில் இருந்தது.

எண்ணெய் தேன் போலக் கெட்டியாக இருந்தது. பாட்டிலைச் சூடான சிலிண்டரோடு அணைத்துவைத்து இளக்கினார். சொட்டு சிந்தாமல் டப்பாவுக்குள் ஊற்றினார். பஸ் போன பக்கமே அவர் கண் ஓடியது. சுருளிதான் டப்பாவின் மூடியை வாங்கி வைத்துக்கொண்டு, "பதறாதீக, பதறாதீக" என்றாள். ஒரே உதை. ரிங்ங்.

மலை முழுக்க விளக்கெண்ணெய் வாசனை. பின்னால் வெள்ளைப் புகை. அங்கிருந்து நாலாவது வளைவிலேயே பஸ் கண்ணில் பட்டது. பஸ்ஸுக்குக் கொண்டை ஊசி வளைவை ஒரே மூச்சில் திருப்ப முடியாது. கண்டக்டர் இறங்கி விசிலடிக்க, பின்னால் வந்து முன்னால் போய்த் திரும்பவேண்டும். வண்டிக்கு அந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

"உள்ளுக்குள்ள விடுங்க! முந்துங்க!" என்று சுருளி கத்தினாள். தான் எந்தக் கட்சி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பஸ் பின்னால் நகர்ந்த இடைவெளியில் வண்டி நுழைந்து வெளியே வந்தது. மொக்கையனின் வாய் திறந்தபடி இருப்பதை அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு மெட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது.

செக்போஸ்ட் கம்பைத் தொட்டார்கள். மலையாளத்துக் காவலர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஆரடா இவிடெ ஆவணக்கெண்ண காய்ச்சுந்நது?" என்று கேட்டார்.

கதை ஒரு வாரத்தில் மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டது. வண்டி ஓடுகிறது என்று தெரிந்ததும் மருமகப்பிள்ளைக்கு அதன்மேல் ஆசை திரும்பி வந்தது, வண்டியைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். முதலாளியின் மனைவி சரஸ்வதியம்மாள் சுருளியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒன் மாட்ட நீயே ஓட்டிட்டுப் போயிரு சுருளி. அது யாரையும் கறக்க விட மாட்டேங்குது. வண்டிய மட்டும் திருப்பி விட்டுருங்க. எல்லாம் பழையபடியே இருக்கட்டும்."

சுருளி தொழுவத்துக்குப் போனாள். செவலை அவள் கையை நக்கியது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தெனம் காலையில நானே வந்து கறந்து தாரேம்மா. என்னக் கண்டா அது உதைக்காது."

"அப்ப வண்டி?"

"வண்டிய எப்படிம்மா தர்றது? செவலை மேல ஏறி எங்கம்மாவப் பாக்கப் போக முடியுமா?"

அழகுமலை பின்னாளில், பெண்டாட்டி வாந்தி எடுக்காமல் தாய்வீடு போகவேண்டும் என்றுதான் அந்த வண்டியை வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது முழுப்பொய். சுருளிக்கும் அது தெரியும், ஆனால் ஒருநாளும் அவரை மறுத்துப் பேசியதில்லை. அந்த வருடம் மட்டும் அவள் தாய்வீட்டுக்குப் பதினோரு தரம் போய்வந்தாள்.