என் கைப்பின்னல்

பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா அவர். ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் ஒரு சீப்பு. பெயர் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் மனச்சோர்வு என்னைக் கட்டிலிலேயே போட்டிருந்தது. கணவர் விடிவதற்கு முன்பே பாலாநகர் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுவார். எட்டு வயது மகள் தானே சீருடை மாட்டிக்கொண்டு போவாள். மாலையில் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு வருவாள். கணவர்தான் பின்னிவிட்டுப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அவரோ நான் எழுந்து பின்னுகிறேன் என்று நம்பி, மனைவி தேறி வருகிறாள் என என் டாக்டரிடமே சொல்லியிருக்கிறார்.

மருந்தை மாற்றிய பிறகு ஒரு காலையில் மகளோடு கீழே இறங்கினேன். விரிந்த தலையோடு ஓடி பஸ்ஸில் ஏறினாள். ஆயா அவளைப் பிடித்து உட்காரவைத்துப் பின்ன ஆரம்பித்தார்.

"ஆயாம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்றேன்னுதான் சொன்னேன். பாப்பா நக்கோ நக்கோ, சொல்ல வேணாம்னு அழுதுச்சு. அம்மா பின்னி விட்டாங்கன்னு அப்பா சந்தோஷமா இருக்காராம். அதான், நீங்க எப்படிப் பின்னுவீங்கன்னு அதுகிட்டயே கேட்டுக் கேட்டுப் பின்னினேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் போய்விட்டது.

அடுத்த வருடம் வேறு ஆயா வந்தார். முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்தப் பழைய ஆயாமேல் இன்னமும் கோபம் வருவதுண்டு. ஆனால் அவரிடம் பேசிய அன்று மாலை மகளின் சடையை அவிழ்த்தபோது, காதோரம் லேசாகத் தளர விட்டிருந்த அந்தப் பின்னல் என்னுடையது இல்லை என்று என் விரல்களுக்கே தெரியவில்லை.